பத்து எண்ணி முடிக்கும் வரை

வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருடம் எந்தப் படத்திலும் நிற்காமல் இருந்த ஒருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? சிணுங்கி அப்படித்தான் இருந்தாள். கொழுந்தனார் வீட்டில் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட நாள் அது. இவள் புதுத் துணி உடுத்தி ஆசையாக வந்து நின்றதும், "நீ கொஞ்சம் ஓரமா நில்லேன், திரை போட்ட மாதிரி பின்னாடி ஒருத்தரும் தெரியல" என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மகளின் பள்ளிக்கூட விழாவோ, கடற்கரைக்குப் போன நாளோ, யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், ஆள் மாயமாகிவிடுவாள். அந்த வீட்டுப் படங்களை மட்டும் பார்க்கிறவர்கள், பாவம் தாயில்லாப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிணுங்கி என்பது வீட்டுக்காரர் வைத்த பெயர். முதலில் தொட்டாச்சிணுங்கி என்று முழுசாகத்தான் கூப்பிட்டார். அத்தனை நீளம் வாயில் தங்கவில்லை. அவருக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலை. நாள் பூராவும் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்கு, பிரேக்கு, கண்ணு எங்க இருக்கு" என்று கத்திக் கத்தி அவர் நாக்கில் பிரேக்கே இல்லாமல் போய்விட்டது. மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் வாயில் எல்லாம் உண்டு.

வீட்டில் அழுதால் யாரும் வேலையை விட்டுத் தூக்கப்போவதில்லை. ஆபீசில் தூக்குவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், போன் எடுக்கும் அறையில் சிணுங்கிக்கு வேலை. ஆறு நாற்காலி, ஆறு கம்ப்யூட்டர், பக்கத்துக் கட்டடத்தின் குழாய்களைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். லிஃப்ட் நின்றுவிட்டால் அதற்குள் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து ஜனங்கள் கூப்பிடுவார்கள். திரையில் ஐந்து கேள்வி வரும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா, விளக்கு எரிகிறதா. ஒவ்வொன்றாகக் கட்டத்தில் குறித்தால்தான் அடுத்த கேள்வி வரும். ஐந்தும் முடிந்தால்தான் மெக்கானிக்குக்குத் தகவல் போகும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? வாயைத் திறந்தாலே வசவுதான். லிஃப்டை நிறுத்தினது என்னவோ சிணுங்கிதான் என்பதுபோல, அவள் படிப்பிலிருந்து அவள் அம்மா வளர்த்த லட்சணம் வரைக்கும் இழுப்பார்கள். இவள் மூன்றாவது கேள்விக்கு வரும்போதே தொண்டை அடைத்துவிடும். நான்காவது கேள்வியில் மூக்கை உறிஞ்சுவாள். ஒருமுறை உள்ளே மாட்டியிருந்த ஆளே, "சரிம்மா, அழாத, நான் நின்னுக்கிட்டே இருக்கேன், மெதுவா வாங்க" என்று தேற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்த அறைக்கு மேலதிகாரி ஒருவர் உண்டு. நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அதனால் கடிகாரம் என்றே பெயர். அவர் சிணுங்கியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"இது ரெண்டாவது எச்சரிக்கைம்மா. லைன்ல அழுதா கம்பெனி பேரு என்னாகும்? மூணாவது தாள் வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"வேணும்னேவா அழறேன் சார்? அதுவா வருது."

"அதுவா வராம பாத்துக்குங்க."

நாற்பத்தாறு வயதில் இன்னொரு வேலை தேடி யார் வாசலில் போய் நிற்பது? அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பினாள். மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மழை விழுந்தால் தகரம் என்ன செய்யும், சத்தம் போடும், நனையாது. அதனால் அவளுக்குத் தகரம் என்று பெயர்.

"அக்கா, நீங்க ஏன் எல்லாத்தையும் கேக்குறீங்க?"

"கேக்குறதுக்குத்தானே உக்கார வச்சிருக்காங்க?"

"ஐயோ அக்கா. பதிலை மட்டும் கேளுங்க. திட்டை எதுக்குக் கேக்குறீங்க?" தன் ஹெட்செட்டைக் காதிலிருந்து கழுத்துக்கு இறக்கிக் காட்டினாள். "திட்ட ஆரம்பிச்சா இப்படி இறக்கிடுங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் பத்து எண்ணுற வரைக்கும்தான் மூச்சு தாங்கும். அப்புறம் மேல ஏத்தி, 'சொல்லுங்க சார்'னு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க."

"அந்தப் பத்துல ஏதாவது முக்கியமா சொன்னா?"

"என்ன சொல்லப் போறாங்க? உங்க அம்மாவைப் பத்தி, எங்க அம்மாவைப் பத்தி. எங்க அம்மாவை எனக்குத் தெரியாதா?"

சிணுங்கி அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல்முதலாகச் சிரித்தாள்.

ஆரம்பத்தில் ஆறு எண்ணுவதற்குள் கை பதறி மேலே ஏற்றிவிடுவாள். அந்த ஏழாவது எண்ணில் கிடைக்கும் வசவு, முழுசாகக் கேட்டதைவிட மோசமாக உறைக்கும். மெல்ல மெல்லப் பழகினாள். ஒரு மாதத்தில் பத்து வந்தது. இரண்டு மாதத்தில், குரல் உயரும்போதே கை தானாகப் போனது. கழுத்தில் கிடக்கும் அந்தக் கருவியிலிருந்து வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். வண்டு ஓய்ந்ததும், "சொல்லுங்க சார், விளக்கு எரியுதா?"

அழுகை நின்றே போனது. மூன்றாவது தாள் வரவில்லை. கடிகாரம் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். பின்னே, பெருமையாக இருக்காதா?

ஆபீசில் பழகின கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? வீட்டில் ஹெட்செட் இல்லை. அதனால் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். வீட்டுக்காரர், "குழம்பு வச்சியா, குளத்துத் தண்ணிய மொண்டுட்டு வந்தியா?" என்று ஆரம்பித்தால் இவள் கண் குழாய்க்குப் போய்விடும். பத்து முடிந்ததும், "இன்னும் ஊத்தவா?" என்பாள். முதலில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு பாவம், கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. தன் நகைச்சுவைக்குச் சிரிப்பும் இல்லை, சண்டையும் இல்லை என்றால் ஒரு மனுஷன் எவ்வளவு நாள் தனியாகப் பேசுவது? செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

மகளுக்குப் பதினேழு வயது. அப்பாவின் வாய், அம்மாவின் மூக்கு. முன்பெல்லாம் எதையாவது வெடுக்கென்று சொல்லிவிட்டு, அம்மா கண் கலங்கியதும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். "நீ அழுதாதாம்மா நான் பேசுனது தப்புன்னே எனக்கு உறைக்குது" என்பாள். அந்தப் பிள்ளை ஒரு சாயங்காலம் புத்தகப் பையை எறிந்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றது. முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"உனக்கு என்னைப் பத்தி என்னம்மா தெரியும்? என்னைக்காவது கேட்டிருக்கியா நீ? நீயெல்லாம் ஒரு..."

குரல் உயர்ந்துவிட்டது. சிணுங்கியின் கண் குழாய்க்குப் போனது. ஒன்று, இரண்டு. குழாயின் வாயில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு விழுந்தது. மகளின் கை அசைந்தது தெரிந்தது, வாய் அசைந்தது தெரிந்தது. ஒன்பது, பத்து.

"சொல்லும்மா. காபி போடவா?"

மகள் அவளையே பார்த்தாள். சிணுங்கியின் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல, வேணாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். பிள்ளைக்கும் பக்குவம் வந்துவிட்டது என்று சிணுங்கி நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அந்த அழைப்பு வந்தது. பட்டப்பகல், மதியச் சாப்பாட்டு வேளை. ஒரு அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. வயதான ஆள். எடுத்த எடுப்பிலேயே கத்தினார். கட்டடம் எது, கிடைத்தது. மாடி எது, கிடைத்தது. உள்ளே இரண்டு பேர். நான்காவது கேள்வியைக் கேட்டாள், "உங்கள்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" அங்கிருந்து "ஏய்" என்று ஒரு கத்தல் கிளம்பியது. கை தானாகக் கருவியைக் கழுத்துக்கு இறக்கியது. பத்து எண்ணினாள். மேலே ஏற்றினாள்.

"...எத்தனை தடவைடி சொல்றது உனக்கு!"

டி போட்டுப் பேசுகிற ஆள். அதெல்லாம் இப்போது அவளைத் தொடுவதில்லை. கட்டத்தில் எதையாவது குறித்தால்தான் திரை நகரும். இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு உடம்புக்கு என்ன கேடு? 'இல்லை' என்று குறித்தாள். ஐந்தாவது கேள்வி வந்தது. "விளக்கு எரியுதா சார்?" மறுபடியும் வண்டு. மறுபடியும் பத்து.

நான்காவது கேள்விக்கு 'ஆமாம்' என்று குறித்திருந்தால் அந்த வரி சிவப்பாக மாறியிருக்கும். இரண்டு தெரு தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் கையைக் கழுவாமல் ஓடியிருப்பான். ஆம்புலன்சுக்கும் தானாகத் தகவல் போயிருக்கும். 'இல்லை' என்பதால் வரிசைப்படி போனது. நாற்பது நிமிஷம் ஆனது. அந்த ஆளின் மனைவிக்கு மூச்சிரைப்பு. மருந்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தோமே என்று அதை எடுக்கத்தான் இரண்டு பேரும் மேலே ஏறியிருக்கிறார்கள். கதவைத் திறந்தபோது அந்த அம்மாளுக்கு மூச்சு இல்லை.

மறுநாள் கடிகாரம் தன் அறையில் பதிவைப் போட்டுக் காட்டினார். சிணுங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள். தன் குரல் நன்றாக, நிதானமாக இருந்தது. பிறகு அவள் கேட்காத அந்தப் பத்து ஆரம்பித்தது.

"ஏய், உனக்கு அறிவு இருக்கா? இவளுக்கு மூச்சு வாங்குதுடி! மருந்து வீட்டுல இருக்கு, நீ அங்க உக்காந்து என்னடி கேள்வி கேட்டுக்கிட்டிருக்க? இவளுக்கு மூச்சு வரல, யாரையாவது அனுப்பித் தொலை! எத்தனை தடவைடி சொல்றது உனக்கு!"

இரண்டாவது பத்திலும் அதுவேதான் இருந்தது. மூச்சு, மருந்து, நடுவில் வசவு. இரண்டும் பின்னிப் பிணைந்து கிடந்தன. கடைசியில் மட்டும் அவர் குரல் இறங்கி, இவளிடம் இல்லாமல் பக்கத்தில் யாரிடமோ, "இதோ வந்துடுவாங்க, நீ பேசாத, நீ பேசாத" என்றது. அவர் போனை வைக்காததால் அதுவும் பதிவாகியிருந்தது. அப்போது சிணுங்கி அடுத்த அழைப்பை எடுத்துவிட்டிருந்தாள்.

கடிகாரம் பதிவை நிறுத்தினார். இவளைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேலிடத்துல கேட்டுட்டாங்க. நீங்க அஞ்சு கேள்வியும் கேட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை தப்பாப் பேசல. அந்த ஆளு கத்துன கத்துல யாருக்கும் புரிஞ்சிருக்காதுன்னு எழுதிட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

"சார், அவரு தெளிவாத்தான் சொல்லியிருக்காரு. கேக்குதே."

"அதை வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதீங்க."

வேலை போகவில்லை. எந்த வேலைக்காக இத்தனை பாடுபட்டாளோ அந்த வேலை பத்திரமாக இருந்தது. நாற்காலிக்குத் திரும்பி வந்து, இனி அழுகை வரும் என்று காத்திருந்தாள். அதுவாக வருகிற அழுகைதானே. தகரம் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. பாருங்கள், நனையாத தகரம் நனைந்துவிட்டது. சிணுங்கி கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

எட்டாம் நாள் அந்த ஆள் நேரில் வந்தார். ஏதோ தாளில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்களாம். ஒல்லியான மனுஷன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். யாரோ கைகாட்டியிருக்க வேண்டும். நேராகச் சிணுங்கியின் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். எழுந்து நின்றாள். கத்தப் போகிறார் என்று அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிணுங்கியும் அதைத்தான் விரும்பினாள். அத்தனை பேர் முன்னால் நாறடிக்கட்டும், கன்னத்தில் ஒன்று வைக்கட்டும்.

"அன்னைக்குப் பேசுனது நீங்கதானாம்மா?"

"நான்தாங்க."

"ரொம்பக் கெட்ட வார்த்தையெல்லாம் பேசிட்டேன். எனக்கு அது பழக்கமில்ல. பயத்துல வந்துடுச்சு." மாற்றிப் போட்டிருந்த பொத்தானைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? நான் திட்டாம சொல்லியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமா?"

சிணுங்கியின் கை காதுக்குப் போனது. அங்கே ஹெட்செட் இல்லை, மேசை மேல் கிடந்தது. ஆனாலும் விரல் காதோரத்தைத் தொட்டு எதையோ கழுத்துக்கு இறக்கியது. தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். புரிந்ததோ என்னவோ.

"கேட்டிருக்குங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்பதுபோல. பிறகு வழியைத் தேடித் தடுமாறி வெளியே போனார். லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கும் செருப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்றைக்குப் பிற்பகல் வந்த அழைப்புகளில் ஒருமுறைகூட அவள் கருவியைக் கழுத்துக்கு இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். ஒருவன் முழுசாக மூன்று நிமிஷம் திட்டினான். முன்பானால் அதில் பாதிக்கே அவள் ஒரு வாரம் படுத்திருப்பாள். இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது, விலாசம் கேட்கிற மாதிரி. எதுவும் எங்கேயும் போய்த் தைக்கவில்லை. இனிமேல் இறக்கினாலும் ஒன்றுதான், இறக்காவிட்டாலும் ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செய்தியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ஏங்க, அந்தத் திரை சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க."

"எந்தத் திரை?"

"உங்க தம்பி வீட்டுல படம் எடுத்தப்ப."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அதெல்லாம் எதுக்குடி இப்போ? பதினோரு வருஷம் ஆச்சு. இதுக்காகவா வந்து உக்காந்த? ஏதோ வாய் தவறிச் சொன்னது."

"தப்பா நெனைக்க மாட்டேன். சொல்லுங்க."

"வேணாம்."

"சொல்லுங்கன்னா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ... ஓரமா நில்லு. திரை போட்ட மாதிரி... பின்னாடி ஒருத்தரும் தெரியல." பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

சிணுங்கி காத்திருந்தாள். தொண்டை அடைக்கிறதா, மூக்கு நமநமக்கிறதா. ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லுங்களேன்."

"எனக்குக் கோவம் இல்லையேடி" என்றார் அவர். எழுந்து போய் முகம் கழுவினார். குழாயை வெகுநேரம் திறந்தே விட்டிருந்தார்.

மகளின் அறைக் கதவைத் தட்டினாள். பிள்ளை மேசையில் எழுதிக்கொண்டிருந்தது.

"அம்மாடி, ஒரு மாசம் முன்னாடி ஒருநாள் வந்து கத்தினியே. சமையலறை வாசல்ல. 'என்னைப் பத்தி என்ன தெரியும்'னு."

"ஆமா."

"அப்புறம் என்ன சொன்ன?"

மகள் பேனாவை வைத்தாள். "நீ பாத்துக்கிட்டுதானேம்மா நின்ன?"

"பாத்துக்கிட்டுதான் நின்னேன். காதுல வாங்கல. இப்போ சொல்லு, கேக்குறேன். எப்படி வேணா கத்து. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"தெரியும், உனக்கு ஒண்ணும் ஆகாது." மகள் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வாரே, அந்தக் குரல். "அது முடிஞ்சு போச்சும்மா. விடு."

"யாராவது ஏதாவது பண்ணாங்களா? பள்ளிக்கூடத்துலயா?"

"முடிஞ்சு போச்சுன்னு சொல்றேன்ல."

"ஒரு வார்த்தை சொல்லேன்."

"எனக்கே மறந்துடுச்சு."

மறந்த முகம் இல்லை அது. ஆனால் ஆபீசில் இருப்பதுபோல இங்கே ஓட்டிக் கேட்பதற்குப் பதிவு இல்லை. வீட்டில் பேசுவது எதுவும் பதிவாவதில்லை. மகள் எழுந்து வந்து, அவள் தோளைத் தொட்டு மெதுவாக வெளியே திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவுக்கு முன்னால் சிணுங்கி நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியிலும் யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, திடீரென்று தன் மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஏழு. எட்டு. ஒன்பது.